வாக்குத்தத்த அட்டையில் இல்லாத வரி

பேய், ஆவி, தரிசனம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கடவுளும் எனக்கு அந்தப் பட்டியலில்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள், பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்து செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க முடியாத எதையும் நம்பியதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் இருப்பேன்.

தாராவியில் ஒரு மாடி அறையில் நானும் அம்மாவும் மட்டும். கீழே சலீம் பாய், பை தைக்கிற பீகார்க்காரர். மேலே வர ஓர் இரும்பு ஏணி, பிடித்து ஏற ஒரு கயிறு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஜெபவீடுதான் அவளுடைய உலகம். நவம்பரில் மார்பில் கட்டி என்று தெரிந்தது. ரிப்போர்ட்டை முதலில் படித்ததே நான்தான். சீக்கிரம் எடுத்துவிட்டால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். அம்மா சம்மதிக்கவில்லை.

"ஆண்டவரு கட்டியக் கரைச்சிருவாரு. நீ சும்மா கெட."

"கரைக்கவரு ஏம்மா அத வரவிட்டாரு?"

"ஏட்டி, பெத்தவள்ட்ட வக்கீல் மாதிரி கேக்காத. மிஷினு பேப்பர்ல அடிச்சத நம்புத, ஆண்டவர நம்ப மாட்டியோ?"

"மிஷினு பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான் சொல்லுதனோ?"

டிசம்பர் முழுக்க இதே பேச்சு. கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது.

எங்கள் ஜெபவீட்டில் வருடப்பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதிலிருக்கிற வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. இதற்கும் சீட்டுக் குலுக்கலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுச் சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறேன். அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்து, எப்போதும்போல என்னிடம் நீட்டினாள். வயலையும் மழையையும் பற்றி ஏதோ ஒரு வசனம். தாராவியில் யாருக்கு வயல் இருக்கிறது? நான் யோசிக்கவே இல்லை. அட்டையைப் பார்த்து வாசிப்பதுபோலச் சொன்னேன்.

"உன்மேல் படுகிற கத்திக்குப் பயப்படாதே, மூன்றாம் நாளில் உன் வீட்டுக்குத் திரும்புவாய்."

மூன்றாம் நாள் என்று ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. சண்டே ஸ்கூலில் கேட்டது உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "இன்னொரு தரம் வாசி" என்றாள். வாசித்தேன், ஒரு சொல்கூட மாறாமல். "சரி, எப்பப் போணும்?" என்றாள்.

அட்டையை அவள் கையில் கொடுக்கவில்லை. தொலைத்துவிடுவாய் என்று சொல்லி என் பர்ஸில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சந்தில் எதிர்ப்படுகிற எல்லாரிடமும் அம்மா ஒன்றைத்தான் சொன்னாள்: "ஆண்டவரு சொல்லிட்டாரு, மூணாம் நாள் வீட்டுக்கு வந்துருவேன்." எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, கடவுளை வைத்தே கடவுளைத் தோற்கடித்துவிட்டேன் என்று.

திங்கட்கிழமை ஆபரேஷன். நன்றாகவே முடிந்தது. செவ்வாய் விடியும்போது நுரையீரலில் ரத்தம் கட்டி அம்மா இறந்துபோனாள். யாருடைய தவறும் இல்லை, அப்படி நடப்பதுண்டு, நானே படித்திருக்கிறேன். அன்று மாலையே அடக்கம். நானும் மண் போட்டேன்.

புதன்கிழமை மதியம் ஜெபவீட்டுப் பெண்கள் கிளம்பிப் போன பிறகு தனியாக உட்கார்ந்திருந்தேன். நாலு மணி இருக்கும், நல்ல வெயில், யார் வீட்டிலோ மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. ஏணியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் ஏறுவாள், அதே சத்தம், நம்பினால் நம்புங்கள், பாதியில் நின்று மூச்சு வாங்கியதுகூட அதே மாதிரி. மேல் படிவரை வந்தது. திரையை விலக்கினேன். யாரும் இல்லை. கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இதுவரைக்கும் என்னிடம் விளக்கம் இருக்கிறது. இரண்டு நாள் தூங்காத மூளை, துக்கம், கயிற்றுக்குக் காற்று.

கீழே எட்டிப் பார்த்தேன். சலீம் பாய் தோளில் பையோடு பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்பே ஊருக்குப் போனவர், அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து வருகிறார். ஆபரேஷன் தெரியாது, சாவும் தெரியாது.

"அரே பேட்டி, அம்மா கோ க்யா ஹுவா? இத்னா தீரே சட் ரஹீ தீ" என்றார். அம்மாவுக்கு என்ன ஆயிற்று, இவ்வளவு மெதுவாக ஏறினார்களே என்று.

அவரே தொடர்ந்தார். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று அவர் கேட்டாராம், ஆஸ்பத்திரி என்றாளாம்.

"ஔர் குச் போலி க்யா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். வேறு ஏதாவது சொன்னாளா?

"ஹான், ஹான். 'மேரா பேட்டி போலா, தீஸ்ரா தின் கர் ஆயேகா.'" அம்மாவின் உடைந்த இந்தியை அப்படியே சொல்லிக் காட்டிச் சிரித்தார். என் மகள் சொன்னாள், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று.

சலீம் பாய் வேறு யாரையோ பார்த்து ஏமாந்திருக்கலாம். மூன்றாம் நாள் கதையை யாராவது போனில் அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னவர்கள் ஆண்டவர் சொன்னதாகத்தானே சொல்லியிருப்பார்கள்? மகள் சொன்னாள் என்று உயிரோடிருந்தவரை அம்மா யாரிடமும் சொன்னதே இல்லை.

கடவுள் இல்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் திங்கட்கிழமை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது அம்மாவின் உதடு அசையவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்குக்கூட ஜெபம் பண்ணுகிறவள். கதவு மூடுகிறவரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.