எருக்குழியில் சாகாத பிலிம்

1. இதுவும் பவுடர்தானே

ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை லேபில் ஆயுசுக்கும் சுண்ணாம்புக்கல்லைச் சோதித்து ரிட்டயர் ஆனவன் நான். பெரம்பலூரில் பிலிம் கம்பெனி வைத்திருந்த முதலாளி கூப்பிட்டு என்னை லேப் இன்சார்ஜ் ஆக்கினார். மக்காச்சோள ஸ்டார்ச்சில், சாப்பாடு சுற்றும் மெல்லிய தாள் மாதிரி பிலிம் ஓட்டுகிற கம்பெனி. உணவு கெடாமல் இருக்க அதில் ஜிங்க் ஆக்சைடு நானோ பவுடர் கலக்க வேண்டும். முதல் நாள் ஒரு வெள்ளைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "சிமெண்டையே பாத்தவரு நீங்க. இதுவும் பவுடர்தானே சார்" என்றார். இன்டர்வியூ அத்தோடு முடிந்தது.

பிலிமில் இரண்டே வரி அச்சடித்திருந்தார். கிருமியைக் கொல்லும். மண்ணில் மக்கும். மக்க வைப்பதே மண்ணில் இருக்கும் கிருமிகள்தான், பவுடர் கூடினால் அதுகளும் சாகும் என்று சொல்லிப் பார்த்தேன். நெகட்டிவாகப் பேசக்கூடாது என்று எனக்கு அறிவுரை கிடைத்தது.

2. தாராளமா போடுங்க

லப்பைக்குடிக்காட்டில் சப்பாத்தி போட்டு ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்பும் ஹாஜரா அம்மாவின் ஆர்டரைத்தான் நம்பியிருந்தோம். அது வராவிட்டால் கம்பெனி பழையபடி சாதா பிளாஸ்டிக் கவருக்குத் திரும்பும், லேபுக்குப் பூட்டு விழும். எனக்கு அந்த லேப் பிடித்துப்போயிருந்தது. வீட்டில் வேறு என் மனைவி மளிகை வாங்குவது, ரேஷன் கடையில் நிற்பது இரண்டையும் எனக்காக ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார்.

சப்பாத்தி கெடாமல் இருக்க அந்த அம்மா கேட்டது நாலு நாள். முதலாளி வாக்குக் கொடுத்தது பத்து நாள். சாம்பிளில் சுற்றிய சப்பாத்தியில் ஆறாம் நாள் பூஞ்சை பூத்தது. குழம்பில் உப்புக் குறைந்த மாதிரி, "இன்னும் தாராளமா போடுங்க சார்" என்றார் முதலாளி. பவுடர் உணவில் எவ்வளவு இறங்குகிறது என்று வெளி லேபில் பார்க்க வேண்டுமே என்றேன். ஆர்டர் வந்த பிறகு பார்க்கலாமாம். அவரே, மெஷினில் ஸ்டார்ச் கொட்டுகிற ஹாப்பர் பக்கத்தில் நின்று பொட்டலத்தைக் கவிழ்த்தார்.

அடுத்த சப்பாத்தி கெடவே இல்லை. முதலாளி, பிலிம் ஓட்டும் எக்ஸ்ட்ரூடர் மெஷினுக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார். அதே ரோலில் ஒரு துண்டை வெட்டி, ஹாஜரா அம்மாவின் தோட்டத்து எருக்குழியில், பக்கத்தில் ஒரு வாழையிலைத் துண்டோடு தன் கையாலேயே புதைத்தார். இலை எப்படிப் போகுதோ அப்படியே பிலிமும் போகுமாம்.

3. தோண்டிய அன்று

மழைக்காலம் முடிந்ததும் போட்டோகிராபர், சால்வை சகிதம் போய் இறங்கினோம். குழியைத் தோண்டினார்கள். வாழையிலை போன இடம் தெரியவில்லை. பிலிம் முழுசாக வந்தது. ஹாஜரா அம்மா அதைக் குழாயடியில் அலசி விரித்துப் பிடித்தார். 'மண்ணில் மக்கும்' என்ற எழுத்து பளிச்சென்று தெரிந்தது. போட்டோகிராபர் கேமராவை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

"மண்ணே வேணாம்னு ஒதுக்கிடுச்சு. இதுல சுத்துனதையா எம்பேரன் திங்கணும்?" என்றார் அந்த அம்மா.

முதலாளி என்னைப் பார்த்து, லேப் இன்சார்ஜ் விளக்குவார் என்றார். சப்பாத்தியில் பூஞ்சையைத் தடுத்த அதே பவுடர், எருக்குழியில் தன்னைச் சுற்றியிருந்த கிருமிகளையும் தடுத்துவிட்டது என்று விளக்கினேன். இவ்வளவு போட்டது யாரென்று கேட்டார் அந்த அம்மா. நான் பிலிமைப் பார்த்தேன். முதலாளி, இல்லாத வாழையிலையைத் தேடிக்கொண்டிருந்தார். என் லேபும் அந்தக் குழியிலேயே போய்விட்டது என்று நினைத்தேன்.

"நான் கேட்டது நாலு நாளுதானுங்களே. அளவக் குறைங்க. சோத்துல இறங்குதான்னு வெளிய டெஸ்ட் பண்ணிக் கொண்டாங்க. இன்ஷா அல்லாஹ், அப்புறம் பேசலாம்" என்றார் ஹாஜரா அம்மா.

அளவைக் குறைத்தோம், வெளி லேபுக்கு அனுப்பித் தேறினோம், பழைய குழியிலேயே புதைத்து மக்கியதையும் காட்டினோம். ஆர்டர் வந்தது. லேபும் பிழைத்தது, நானும் ரேஷன் கடையிலிருந்து தப்பித்தேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, கெடாத பொருளை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். எப்போது கெட வேண்டும் என்று தெரிந்து செய்வதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

அந்தப் பழைய துண்டை ஹாப்பருக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் முதலாளிக்கு எரிச்சல், அதைத் தூக்கிப் போடுங்க சார் என்பார். எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறேன். யோசித்துக்கொண்டிருக்கிறார்.