பக்கத்து வீட்டு டாஃபடில்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மூன்று வருடமாகப் பக்கத்து வீட்டுச் சிவம் அண்ணையின் மஞ்சள் டாஃபடில் பூக்களை விடியற்காலையில் களவெடுத்து வருகிறேன். நாங்கள் குடியேறிய இந்தப் பிளேஸ்டோவில் அவரைப்போல் அவற்றை வளர்க்க ஆள் கிடையாது. நான் நட்ட கிழங்குகள் இலை மட்டும்தான் விட்டன.

இன்று காலையும் வேலிக்கு மேலாகக் கையை நீட்டினேன். அவர் வாசலில் நின்றார்.

"தம்பி, இந்த முறை பறிக்காதையும்."

நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

"சாமிக்கு எண்டு தெரியும், அதுதான் இவ்வளவு நாளும் பேசேல்லை. ஊரிலை என்ரை அம்மா செத்துப்போனா. போன கிழமையாம், நேற்றுத்தான் போன் வந்தது. சண்டைக்குள்ளை போகவும் ஏலாது. செத்தவீட்டுத் துடக்கு இருக்கு, இந்தப் பூ சாமிக்கு ஆகாது."

வேலியடிக்கு வந்தவரின் கையைப் பிடித்தேன்.

"பின்வரிசை பிந்தித்தான் பூக்கும். முப்பத்தோராம் நாள் காரியம் முடிய நானே வெட்டித் தாறன். அம்மாவை நினைச்சு உம்மடை சாமிக்கு வையும்."

"ஓம் அண்ணை" என்றேன்.

இதுவரை பறித்தவையெல்லாம் 'என் தோட்டத்துப் பூ' என்ற பெயரில் என் அலுவலக மேசையில்தான் இருந்தன.

பக்கத்து ஊரான ஈஸ்ட் ஹாமில் நல்ல சாமிப்படம் எந்தக் கடையில் கிடைக்கும்? எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.