காதர் அண்ணனின் பை

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு வருகிறோம். எங்கள் வாடகைக் காரின் பின்கண்ணாடி உடைந்திருக்கிறது. எங்களோடு வந்த தேவனின் பையைக் காணோம்; பாஸ்போர்ட், துணி எல்லாம் அதில்தான். மலேசியாவிலிருந்து கபடி ஆட வந்தவர்கள் நாங்கள். ஈரத்துணியோடு நிற்கும் தேவனுக்கு ஒருவன் தன் சட்டையைக் கொடுக்கிறான், இன்னொருவன் தூதரகத்துக்குப் போன் செய்கிறான். நான் மட்டும் டிரைவர் காதர் அண்ணனிடம், "நீங்க எங்கே போனீங்க?" என்று அதட்டுகிறேன்.

"தொழுவப் போயிருந்தேங்க. உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?"

சொன்னார்தான்.

அவர் டிக்கியிலிருந்து தன் பையை எடுத்து, ஜிப்பைத் திறந்து என் முன்னால் வைக்கிறார். உள்ளே மடித்த கைலி, சாப்பாட்டு டப்பா.

"பாத்துடுங்க தம்பி. மனசுல வச்சுக்க வேணாம்."

தேவன்தான் குனிந்து அந்த ஜிப்பை மூடுகிறான். "அண்ணே, போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்களும் கூட வாங்க," என்கிறான்.

காதர் அண்ணன் எனக்காக முன் கதவைத் திறக்கிறார். அவர் பக்கத்தில் உட்காரக் கூசி, நான் பின்சீட்டுக்குப் போகிறேன்.