மணிக்கட்டு ரப்பர்

கல்யாணமாகி மூன்றாம் மாதம் என் கண்ணாடி வளையல்களை என் கணவர் சுவரில் மோதி உடைத்தார். வளையல்கள் என் கையில் இருக்கும்போதே உடைத்தார். முழங்கையைப் பிடித்துக்கொண்டு, துணியைக் கல்லில் அடிப்பதுபோல என் கையைச் சுவரில் அடித்தார். ரத்தம் முழங்கை வரை வழிந்தது.

"இன்னாடா இது? தாலி கட்டனவ கைய மூளியாக்கறியே!" என்று என் மாமியார் ஓடிவந்தாள்.

"வளைல் போட்டுக்கினு அதத் தொடாதன்னு சொன்னேனா இல்லியா? கீறிட்டா பாரு!"

கீறியிருந்தது அவருடைய முக்குளிக்கும் உடுப்பின் மணிக்கட்டு ரப்பர்.

பெருநகர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. செய்யாற்று மடுவில் முக்குளித்துப் பழகிய என் கணவரை, மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்கும் வேலையை எடுத்துச் செய்யும் ஒரு காண்டிராக்டர் சேர்த்துக்கொண்டிருந்தார். எழுபதுகளின் கடைசியில் அது. துறைமுகத் தண்ணீர் கறுப்பாக இருக்கும், எண்ணெயும் சாக்கடையும் கலந்தது, தோலில் பட்டால் புண் வரும் என்பார். அதற்காகத்தான் அந்த உடுப்பு. உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. கழுத்திலும் இரண்டு மணிக்கட்டிலும் பலூன் கனத்தில் ரப்பர் பட்டை தோலைக் கவ்விக்கொண்டிருக்கும். அதற்கு 'சீல்' என்று பெயர். உயிரே அதில்தான் இருந்தது. காண்டிராக்டரின் தகரக் கொட்டகையில் வெயிலுக்கு ரப்பர் இளகியது, எலியும் கடித்தது. அதனால் லீவுக்கு வரும்போதெல்லாம் உடுப்பை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

அதைப் பார்த்துக்கொள்வது என் வேலையானது. நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வெயில் படாமல் உள் அறையில் உலர்த்த வேண்டும். உலர்ந்ததும் சைக்கிள் கடையில் டியூபுக்குப் போடும் வெள்ளைப் பவுடரைத் தூவ வேண்டும். முகத்துக்குப் போடுகிற வாசனைப் பவுடர் ஆகாது என்பதை ஒரு அறை வாங்கித் தெரிந்துகொண்டேன். மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும் என்பதற்கு ஒரு உதை. பழைய சீல் பட்டையை அறுத்தெடுத்து, உடுப்பின் கையை ஊறுகாய் பாட்டில்மேல் மாட்டி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவிப் புதுசு ஒட்டவும் கற்றுக்கொண்டேன். ரப்பரைக் கீறாமலிருக்க என் நகங்களைக் கடித்தே குட்டையாக வைத்திருந்தேன்.

ஏன் இவ்வளவு வெறி என்று ஒரு தடவை அவரே சொன்னார். நல்ல மனநிலையில் இருந்த நாள் அது. கப்பலின் அடியில் இருந்தபோது இடது கைச் சீல் கிழிந்து, தண்ணீர் தோள் வரை ஏறி, கை இரும்பாகக் கனத்து, மேலே வர முடியாமல் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினாராம். "செத்தேன்னு நெனச்சிக்கினேன்" என்றார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அடுத்த லீவில் என் முன்பல் போனது.

மாமியாருக்கு அந்த உடுப்பைக் கண்டாலே ஆகாது. "ஆள உரிச்சித் தொங்கவுட்ட மாதிரி கீது" என்பாள். ஆனாலும் ஒரு நாள், தன் காலின் பித்தவெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள், கொடியில் தொங்கிய உடுப்பின் சீல் பட்டையைப் பார்த்திருக்கிறாள். ஓரத்தில் மெல்லிய கோடுகளாக வெடித்திருந்தது. பாவம், காய்ந்து போயிற்றே என்று கையிலிருந்த எண்ணெயை அதற்கும் நன்றாகத் தடவிவிட்டாள்.

மறுநாள் நான் பார்த்தபோது சீல் உப்பி, நனைந்த அப்பளம்போலத் தொளதொளவென்று கிடந்தது. விளக்கெண்ணெய் வாடையிலேயே யார் தடவியது என்று தெரிந்துவிட்டது. சீயக்காய் போட்டுக் கழுவினேன். இன்னும் இளகியது.

அன்று மத்தியானம், லீவு முடிந்து உடுப்பை மூட்டை கட்டப் போன என் கணவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாடி பண்ணி வெச்சிக்கீற?"

மாமியார் தடவியதை நான் சொல்லவில்லை. சொன்னால் கிழவியை அடிப்பார் என்று பயந்தேனா, சொன்னாலும் நம்பமாட்டார் என்று நினைத்தேனா, இப்போது தெரியவில்லை. தண்ணீரில் மிதக்காமல் இருக்க ஈயக்கட்டி கோத்துக் கட்டும் பெல்ட்டை எடுத்தார். நல்லவேளை, அதில் ஈயம் இல்லை. முதுகிலும் காதிலும் விழுந்தது. பிறகு முடியைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அங்கே பம்பு செட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தொட்டி நிறைந்து தண்ணீர் கழனிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணி உள்ள பூந்தா எப்டி கீதுன்னு நீயும் பாரு" என்று என் தலையைத் தொட்டிக்குள் அழுத்தினார்.

மூக்கில் தண்ணீர் ஏறியது. மார்பு வெடிப்பதுபோல இருந்தது. தூக்கினார், ஒரு மூச்சு வாங்குவதற்குள் மறுபடி அழுத்தினார். இரண்டாம் முறை தூக்கியபோது மாமியாரின் கத்தல் கேட்டது. வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தவள் மண்வெட்டியோடு ஓடிவந்தாள்.

"வுட்றா அவள! நான்தான்டா எண்ண தடவனேன். வெடிச்சி கீதேன்னு தடவனேன். என்ன முக்குடா, வா!"

"அந்தாண்ட போம்மா" என்று அவர் என்னை மறுபடி அழுத்தினார்.

மாமியார் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, தொட்டி விளிம்பில் ஊன்றியிருந்த அவருடைய வலது கைமேல் போட்டாள். எலும்பு உடைந்த சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்கவில்லை. அவருடைய அலறல் கேட்டது. நான் மேலே வந்தபோது அவர் சேற்றில் உருண்டுகொண்டிருந்தார். மாமியார் மண்வெட்டியைக் கீழே போடவில்லை.

பக்கத்து ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர் முட்டை வெள்ளையும் உளுந்தும் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். பிரித்தபோது கை வளைந்திருந்தது. மணிக்கட்டில் ஒரு பக்கம் எலும்பு புடைத்து, பக்கத்தில் பள்ளம் விழுந்திருந்தது.

புதுச் சீல் வரவழைத்தார். நான்தான் ஒட்டினேன். உடுப்பைப் போட்டுக்கொண்டு அதே தொட்டியில் கையை விட்டார். விரலை மடக்கியதும், ரப்பர் கவ்வாத அந்தப் பள்ளத்தின் வழியாகக் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வந்தது. கையை எடுத்தபோது உடுப்புக்குள் முழங்கை வரை ஈரம்.

"இன்னும் டைட்டா போடு" என்றார்.

சின்ன சீலாக ஒட்டினேன். விரல்கள் நீலம் பாரித்தன. அப்போதும் தண்ணீர் புகுந்தது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை.

காண்டிராக்டர் அவரைப் படகிலேயே நிறுத்திக்கொண்டார். கீழே போகிறவர்களுக்கு மேலிருந்து காற்றுக் குழாய் பிடிக்கும் வேலை. என் கணவர் மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்து போனார். தாயும் மகனும் ஒரே வீட்டில் சாப்பிட்டார்கள், பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை, குழம்பில் உப்பு ஏறிப்போன நாளில், இடது கையை ஓங்கினார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்திருக்கவில்லை, உரிப்பதை மட்டும் நிறுத்தினாள். அவர் கையை இறக்கிக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு ஓங்கவில்லை.

ஆனால் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடியாமல் போயிற்று. முகத்தில் தண்ணீர் விழுந்ததும் மூச்சு அடைத்து, சொம்பை எறிந்துவிட்டு ஓடிவருவேன். வெள்ளிக்கிழமைகளில் மாமியார்தான் என்னை உட்காரவைத்து, கழுத்தைப் பின்னால் சாய்த்து, நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு ஊற்றுவாள். ஒவ்வொரு சொம்புக்கும் முன்னால் சொல்லிவிடுவாள்.

"ஊத்தப் போறேம்மா. மூச்சு புடிச்சிக்கோ."