முள்ளில்லாத கைக்கடிகாரத்தின் வார்

அந்தக் கைக்கடிகாரத்துக்கு முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. முகப்பில் பிறை மாதிரி ஒரு துளை. அதற்குப் பின்னால் வண்ணம் பூசிய தட்டு ஒன்று ஒரு நாளைக்கு ஒரு சுற்று வரும். விடியற்காலை ஃபஜ்ருக்குச் சாம்பல் நிறம், அப்புறம் மெல்ல மெல்ல வெளுப்பு, அந்தி மஃரிப் நெருங்கினால் மாதுளைச் சிவப்பு. வெளிநாட்டு மலையூர் ஒன்றில் ஒரு கணவனும் மனைவியும் வீட்டிலேயே உட்கார்ந்து செய்தது. மொத்தமே நாற்பதுதான் செய்தார்கள். பதினேழாவது என் கைக்கு வந்தது.

நான் பெரிய படிப்பு படித்தவனில்லை. ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிற வேலை. இப்படித் தனி ஆட்கள் கொஞ்சமாகச் செய்யும் விநோதக் கடிகாரங்கள் மேல் எனக்கு ஓர் ஆசை. ஒன்றை விற்றுத்தான் அடுத்ததை வாங்குவேன். இதற்காக முந்தினதை விற்றுவிட்டு இரண்டு வருஷம் வெறுங்கையோடு திரிந்தேன்.

பார்சலைப் பிரித்ததும் என் மனைவி எட்டிப் பார்த்தாள். "மணி தெரியணும்னா பக்கத்து வூட்ல போய் கேக்கணுமா?"

பள்ளிவாசல் பாங்கு கேட்குமே என்றேன். நிஜமாகவே எனக்கு மணி வேண்டியிருக்கவில்லை. அல்லாஹ்வின் வானத்தில் நகக்கண் அளவு கிள்ளி என் கையில் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. வேலைக்கு நடுவே அதைப் பார்ப்பேன். மிஷின் சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விடும்.

ஆறாம் நாள் மதியம் ளுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யக் கழற்றினேன். நம்ம ஊர் வேர்வையில் வாரின் உள்பக்கப் பூச்சு உரிந்திருந்தது. அடியில் முடித்துளைகள். மூன்று மூன்றாக, முக்கோணம் முக்கோணமாக. ஆட்டுக்கு அப்படி வராது, மாட்டுக்கும் வராது. அது பன்றித் தோல்.

இருபத்தாறு வருஷமாகத் தோலைத் தடவித்தான் சோறு தின்கிறேன். எந்தத் தோல் வந்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கிறவன், இதை மட்டும் திருப்பவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

வேறு வார் மாற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வார் கடிகாரத்தின் உடம்புக்குள்ளேயே புகுந்து, அதோடு ஒன்றாகச் செய்தது. பதினேழு என்ற எண்ணும் வாரில்தான் சுட்டிருந்தது. அதை அறுத்தால் கையில் கட்டவும் முடியாது, சேகரிப்பவர்கள் யாரும் வாங்கவும் மாட்டார்கள். அடுத்த கடிகாரம் என்ற பேச்சே அதோடு முடிந்தது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கொண்டுபோனேன். கைக்குட்டையில் வைத்தே புரட்டிப் பார்த்தார். "தெரியாம செஞ்சது போவட்டும் பாய். தெரிஞ்சப்புறம் இன்னா செய்யப் போறீங்க?" என்றார். கொஞ்சம் கழித்து, தயங்கித் தயங்கி, இதில் மணி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாம் சொன்னேன். இப்படியே, அறுக்காமல், வேற்று மதத்தவர் யாருக்காவது விற்றுவிடலாமே என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதையும் சொன்னேன். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை.

"வித்தா, அந்தத் தோலுக்கும் சேத்துத்தானே காசு வாங்குவீங்க?"

ஓரம் வெட்டும் கத்தியை எடுத்து பிஸ்மி சொல்லி அறுத்தேன். உள்ளே சிக்கிய தோல் நார்களையெல்லாம் ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். உள்ளங்கையில் வார் இல்லாத உடம்பு மட்டும் கூழாங்கல் போலக் கிடந்தது. துளைக்குள் தட்டு சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அந்தத் தோலைக் கட்டிக்கொண்டு தொழுத ஐந்து நாள் தொழுகையையும், அன்றைய ஃபஜ்ரையும் திருப்பித் தொழுதேன். தொழவேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லவில்லை. என் மனசுதான் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் இன்ன வேளைத் தொழுகை என்று நிய்யத் வைக்கும்போது அந்தந்த வேளையில் துளையில் தெரிந்த நிறம் கண்ணுக்குள் வந்து நின்றது. ஸஜ்தாவில் தரையில் நெற்றி வைத்தபோதும் போகவில்லை. வெறும் மணிக்கட்டு லேசாக இருந்தது. அது வேண்டும்போலத்தான் இன்னும் இருக்கிறது ரப்பே என்று அதையும் அவனிடமே சொன்னேன்.