நெற்றியில் ஒட்டிய வெள்ளி ரூபாய்

பழைய வெள்ளி ரூபாய்களை நாணயச்சாலை வாரியாகச் சேர்ப்பது என் பைத்தியம். கல்கத்தா வரிசை முடிந்துவிட்டது. பம்பாயில் ஒரே ஒரு வருடத்துக் காசு மட்டும் கிடைக்காமல் இழுத்தடித்தது. சுருளிப்பட்டியில் தனியாக வாழும் ஒரு அம்மாவிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

விற்க மாட்டேன், பார்க்க மட்டும் தருகிறேன் என்று அவர் கொடுத்த காசில் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது. லென்சில் பார்த்தேன், நான் தேடிய வருடமும் பம்பாய் நாணயச்சாலையின் அடையாளப் புள்ளியும் தெரிந்தன. சந்தோஷத்தில் கண்ணில் ஒற்றி நெற்றியிலும் வைத்தேன். கையை எடுத்த பிறகும், வியர்வையில் காசு அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவின் முகம் மாறியது. “எங்க வீட்ல செத்தவுக எல்லாரு நெத்தியிலயும் இந்தக் காசத்தான் வைப்போம். தூக்குறதுக்கு முன்னால எடுத்துருவோம்.”

பதறிப்போய்ப் பிய்த்தெடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“கொண்டு போங்க. எனக்குன்னு வச்சிருந்தேன். நீங்க முந்திக்கிட்டீக.”

என் வரிசை முழுமையாகிவிட்டது. ஆல்பத்தை நான் திறப்பதில்லை. ஆனாலும் வெயிலில் நடக்கும்போதுகூட, நெற்றியில் ஒரு ரூபாய் அளவுக்கு மட்டும் சில்லென்று இருக்கிறது.