அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்த சங்கிலி ஜெபம்

2005ஆம் ஆண்டு மழைக்காலத்தில் என் அம்மாவின் இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்தது. முதலில் ஒரு சிவப்புத் தடம் மட்டுமே. விரலால் அழுத்திப் பார்த்தேன். சிவப்பு மறையவில்லை. அதற்குப் பிறகு என்னவெல்லாம் வரும் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். தோல் கிழியும். குழி விழும். எலும்பு தெரியும். கடைசியில் காய்ச்சல். நான் ஆம்புலன்ஸ் டெக்னீஷியன். இதைப் படித்துத் தேர்வு எழுதியவள்.

படித்ததைச் செய்ய மட்டும் நான் வீட்டில் இல்லை.

அப்பா இறந்த பிறகு மராத்தி ஊரான போசரியில், வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட ஒரு சாளில் அம்மாவும் நானும் ஒரே அறையில் இருந்தோம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. எங்கள் ஆம்புலன்ஸ் வண்டி ரஞ்சன்காவ் தொழிற்பேட்டை வாசலில் நிற்கும். ஒரு வண்டிக்கு இரண்டு டெக்னீஷியன்கள். காலை எட்டு மணிக்கு ஏறினால் மறுநாள் எட்டு மணிக்கு இறங்கலாம். அதாவது, அடுத்தவர் வந்தால் இறங்கலாம். ஆக்சிஜன் சிலிண்டரின் அளவைப் பார்த்து, சளி உறிஞ்சும் மெஷினை ஓட்டிக் காட்டி, மாற்றாக வரும் ரிலீவர் கையில் ஒப்படைத்த பிறகுதான் கால் தரையில் படவேண்டும். அவர் வராவிட்டால் அந்த நாளும் நம்முடையதுதான். இந்த விதி நல்ல விதி. வண்டி ஆளில்லாமல் நிற்கக் கூடாது. ஆனால் என்னோடு மாறி மாறி வந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர்கள் சில வாரம்கூட நிற்கவில்லை. நான் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வண்டியிலேயே இருப்பது வழக்கமாகிவிட்டது.

படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். நான் இல்லாதபோது நான் காக்கூ, அதாவது சித்தி, என்று கூப்பிடும் பக்கத்து அறைப் பெண் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவார், தண்ணீர் கொடுப்பார். அவர் மராத்திக்காரர், நல்ல மனுஷி. ஒருமுறை திருப்பப் பார்த்திருக்கிறார். அம்மா அலறியதும் பயந்து கையை எடுத்துவிட்டார். வலி மட்டும் காரணமில்லை. சேலை விலகுவதை என்னைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது என்பதில் அம்மா பிடிவாதமாக இருந்தார்.

முனிசிபல் ஆஸ்பத்திரி டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு, சுத்தமாக வையுங்கள், திருப்புங்கள், சேர்க்கப் படுக்கை இல்லை என்றார். டியூட்டி போடும் அதிகாரியிடம் போனேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் கொடுங்கள் என்று கேட்டேன். அதற்கு இன்னும் ஆட்கள் வேண்டும், எல்லாருக்கும்தான் வீடு இருக்கிறது, அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்றார். மற்ற டெக்னீஷியன்களாவது சேர்ந்து கேட்பார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான் வசதி. ஓய்வு நாளில் வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கலாமே. என் கோரிக்கையால் தங்கள் இரண்டாவது வேலை போய்விடும் என்று சிலர் என்னிடம் பேசுவதையே நிறுத்தினார்கள்.

ஒரு நாள் ஒரு முதியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் முதுகில் புண். அவர் மகனிடம் கண்டிப்பாகவே சொன்னேன், இவரைத் திருப்பாமல் இப்படிப் போட்டுவைக்கலாமா என்று. திரும்பி வரும்போது டிரைவர் ஜாதவ் காகா இந்தியில் மெதுவாகக் கேட்டார்.

“உன் அம்மாவை இப்போ யாரு திருப்புறாங்க, பேட்டா?”

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

புண் குழி விழுந்தது. கதவைத் திறக்கும்போதே வாடை வரும். அம்மா என் முகத்தைத்தான் பார்ப்பார், நான் மூக்கைச் சுளிக்கிறேனா என்று. நான் சுளித்ததில்லை. கழுவி, கட்டு மாற்றி, திருப்பி, மறுபடி திருப்பி, அடுத்த நாள் டியூட்டிக்குப் போவேன். திரும்பி வரும்போது குழி இன்னும் ஆழமாக இருக்கும். முதலில் அம்மா எழுந்து நடக்க வேண்டும் என்று ஜெபித்தேன். பிறகு புண் ஆற வேண்டும் என்று. பிறகு, ஆண்டவரே, வண்டிக்கு ஒரு ரிலீவரையாவது அனுப்பும் என்று. கடைசியில் காய்ச்சல் வருவதற்கு முன்னே அம்மாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டேன். அதையும் கேட்ட பிறகு எனக்கு ஜெபிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் டியூட்டி. ஆராதனைக்குப் போவதும் நின்றது.

அப்போதுதான் சபையிலிருந்து ஸ்டெல்லா அக்காவும் இரண்டு சகோதரிகளும் வந்தார்கள். ஸ்டெல்லா அக்கா திருநெல்வேலிப் பக்கம். அம்மாவுக்காகச் சங்கிலி ஜெபம் ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று ஒரு தாளை நீட்டினார். உங்களுக்குத் தெரியும், சங்கிலி ஜெபத்தில் ஒருவர் முடிக்கும் நேரத்தில் அடுத்தவர் தொடங்குவார். அவரவர் வீட்டில் இருந்தபடியே, ஒரு நாள் முழுக்க ஜெபம் அறாமல் போகும். தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர். ஒரு மணி நேரம்கூட காலியாக இல்லை.

எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு டியூட்டி பட்டியலை நான் பார்த்ததே இல்லை. அழுகைதான் வந்திருக்க வேண்டும். கோபம் வந்தது. ஆனால் சத்தம் போடவில்லை.

“அக்கா, ஜெபம் பண்ணுங்க. ஆனா நீங்க எல்லாரும் உங்க வீட்டுல முழங்கால்ல நிக்கிற நேரம் பூரா அம்மா இங்க ஒரே பக்கமா படுத்திருப்பாங்க. அந்த ஒரு பக்கம்தான் அவங்களக் கொல்லுது.”

போர்வையை விலக்கிக் கட்டைப் பிரித்துக் காட்டினேன். ஒரு சகோதரி வெளியே போய்விட்டார். ஸ்டெல்லா அக்கா போகவில்லை.

“ஏட்டி, இத முதல்லயே சொல்லக் கூடாதா? வாதம் மட்டுந்தான்னு நெனச்சு ஜெபம் பண்ணிட்டிருந்தோம். இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு.”

சொன்னேன். இங்கே வந்து ஜெபியுங்கள், ஆள் மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து அம்மாவைத் திருப்புங்கள், அடுத்தவர் வராமல் யாரும் வாசல் தாண்டக் கூடாது. அம்மா இடது கையால் போர்வையை இழுத்து மூடினார். “வேண்டாம்,” என்றார். அந்தச் சொல் மட்டும் தெளிவாக வந்தது.

ஸ்டெல்லா அக்கா கட்டிலோரம் உட்கார்ந்தார். “ஏன் வேண்டாம்? என் மூணு பிரசவத்துக்கும் பக்கத்துல யாரு நின்னா? நீங்கதான? எல்லாத்தையும் பார்த்தீங்க. அப்ப நான் போர்வையத் தேடுனேனா?”

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு கை போர்வையை விட்டது. விழாத பக்கத்து உதடு மட்டும் சிரித்தது. பக்கவாதம் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

அன்றே சொல்லிக்கொடுத்தேன். இழுக்காமல் விரிப்போடு சேர்த்து உருட்டுவது. முட்டிகளுக்கு நடுவே தலையணை. கணுக்காலுக்குக் கீழே ஒன்று. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காக்கூ, உங்கள் ஜெபம் எனக்குத் தெரியாது, திருப்ப மட்டும் வரலாமா என்று மராத்தியில் கேட்டார். ஸ்டெல்லா அக்கா தனக்குத் தெரிந்த மராத்தியில், நீங்கள் திருப்புங்கள், கணக்கை மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார் என்றார். ஒரு நாளுக்கென்று தொடங்கிய சங்கிலி நிற்கவில்லை. என் டியூட்டி நாட்களில் எல்லாம் தொடர்ந்தது. இரவில் இரண்டு பேர் சேர்ந்து தங்கினார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சில நாள் ஆள் வரவில்லை. ஒருமுறை காய்ச்சல் வந்தே விட்டது. அப்போது நான் மீண்டும் நம்பிக்கை இழந்தேன். அம்மா கடைசிவரை நடக்கவில்லை. ஆனால் குழியின் அடியில் சிவப்பாகப் புதுச் சதை வந்தது. அதை நான்தான் முதலில் பார்த்தேன். கழற்றிய கட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன் புண் மூடிக்கொண்டது.

2007இல் இரண்டாவது பக்கவாதம் வந்தது. அம்மா ஆண்டவரிடம் போனார். அவரைக் குளிப்பாட்டியவர்களில் காக்கூவும் இருந்தார். உடம்பில் ஆறாத புண் ஒன்றுகூட இல்லை. என் அம்மா புண்ணால் சாகவில்லை. வெளியே இருப்பவர்களுக்கு இது பெரிய அற்புதமாகத் தோன்றாது. அந்தப் புண்ணைக் கழுவிய எனக்குத் தெரியும்.

வண்டிக்கு ஆள் கேட்டேன். ஆண்டவர் அதைத் தரவில்லை. இன்றும் எனக்கு இருபத்து நான்கு மணி நேர டியூட்டிதான். இன்னும் சில நாள் ரிலீவர் வருவதில்லை. ஆனாலும் அவர் கேட்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. வீட்டுக்கு ஆள் அனுப்பினார். ஒருவரை அல்ல, சபையையும் பக்கத்து அறையையும் சேர்த்து. அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அம்மாவுக்குப் பிறகும் சங்கிலியை நாங்கள் விடவில்லை. இப்போது விமான் நகரில் படுக்கையில் இருக்கும் ஒருவரைத் திருப்ப ஒரு வீட்டுக்குப் போகிறோம். என் ஓய்வு நாட்களில் பிற்பகல் முறை என்னுடையது. அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். எங்களுக்காக ஜெபியுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். புண் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள். திருப்புவதற்கு வருகிறோம்.